வீட்டுக்குள் ஆடிய ஆட்டம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதென்றால் எங்கள் தஞ்சைத் தரணியில் வெளிவேலை எதுவும் நடவாது. நடவு முடிந்த சம்பா வயல்களில் நீர் தளும்பி நிற்கும்; வரப்பில் கால் வைத்தால் வழுக்கும்; பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள். நான் சிறுவனாயிருந்த 1970-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அத்தகைய நாட்களில் ஊர் ஆண்கள் கூடும் இடம் படிப்பகம். அதன் நடுவே ஒரு கேரம் பலகை; பலகைக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஒரு குண்டு பல்பு. மழை ஈரத்தைப் பலகை குடித்துவிடும். தூவிய மாவு கட்டிப் பிடிக்கும். நன்றாக அடித்த காயும் பாதி வழியில் சோர்ந்து நின்றுவிடும். உடனே பெரியவர் ஒருவர் பல்பைத் தாழ்த்திக் கட்டச் சொல்லுவார். அந்தச் சூட்டில் பலகை உலரும். ஆட்டம் மீண்டும் களைகட்டும்.

சிறுவர்களாகிய நாங்கள் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்று பார்ப்போம். இடம் காலியானால் எங்களுக்கும் ஒரு மூலை கிடைக்கும். எங்கள் சகோதரிகளுக்கு அந்தச் சன்னலும் இல்லை. அவர்கள் வீட்டினுள்ளே பல்லாங்குழியும் தாயமும் ஆடினார்கள்; அதுவும் அடுப்படி வேலை முடிந்த பின்னர்தான். படிப்பகத்தைக் கடந்து குடத்துடன் போகும் பெண்கள் உள்ளே திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அது அவர்களுக்கு உரிய இடமன்று என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டாத சட்டங்களே ஊரில் மிகுதி.

மகளிர் ஆடும் பன்னாட்டுப் போட்டிகளின் வரலாற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, எனக்கு அந்தக் குண்டு பல்புதான் நினைவுக்கு வந்தது. டென்னிஸைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் சொல்ல அறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஓடவோ தாவவோ வேண்டாத ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். வழவழப்பான பரப்பின்மீது ஒரு பொருளைத் தள்ளி, அது எங்கே போய் நிற்கவேண்டுமோ அங்கே நிற்கச் செய்வதே அதன் சாரம். நம் நாட்டில் அதற்குக் கேரம் என்று பெயர். பனி உறையும் நாடுகளில் அதற்கு உறவான ஓர் ஆட்டம் உண்டு. அதன் பெயர் கர்லிங். இவ்விரண்டிலும் பெண்கள் உலகப் பட்டத்தை எட்டிய கதையைச் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும் என்பது என் எண்ணம்.

இந்த உறவு எனக்குத் தெரிய வந்தது ஒரு பாடத்தினால். 2001-ஆம் ஆண்டு, தலைமையாசிரியர் பொறுப்பேற்ற புதிதில், ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் பாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். உராய்வு என்னும் பகுதியை வெறும் கரும்பலகையில் விளக்குவது எனக்குப் பிடிக்காது. ஆகவே, பையன்களின் விளையாட்டு அறையிலிருந்து கேரம் பலகையை வகுப்புக்குத் தூக்கிவரச் செய்தேன். மாவு தூவாமல் ஒருமுறை காயைத் தள்ளுவது, தூவியபின் அதே அளவு விசையுடன் ஒருமுறை தள்ளுவது. இரண்டு தொலைவையும் அளந்து எழுதுவது. பாடத்துக்காகப் படித்த நூலொன்றில் உராய்வுக்கு எடுத்துக்காட்டாகக் கர்லிங் ஆட்டம் விளக்கப்பட்டிருந்தது. அதையும் மாணவர்களுக்குச் சொன்னேன். அன்றைய வகுப்பில் நடந்த இன்னொன்றைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் கர்லிங்கைப் பார்ப்போம். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளம்; அதன் கோடியில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த ஓர் இலக்கு. கருங்கல்லில் கடைந்து கைப்பிடி பொருத்திய கல் ஒன்றை ஆட்டக்காரர் வழுக்கிச் சென்றபடியே மெல்ல விடுவிக்கிறார். ஒரு கல்லின் எடை 20 கிலோ வரை இருக்கலாம். நம் கேரம் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஸ்ட்ரைக்கர்களைச் சேர்த்துக் கட்டினால்தான் ஒரு கர்லிங் கல்லுக்கு ஈடாகும். கணக்கில் விருப்பமுள்ளவர்கள் வகுத்துப் பார்க்கலாம். பெரும்பாலான கற்களுக்குரிய பாறை ஸ்காட்லாந்துக் கரையை ஒட்டிய எய்ல்சா கிரெய்க் என்னும் சின்னஞ்சிறு தீவிலிருந்து கிடைத்தது என்பது வியப்பான செய்தி.

அணிக்கு நால்வர். ஒருவர் கல்லை விட, இருவர் துடைப்பத்துடன் அதற்கு முன்னே விரைந்து பனியைத் தேய்ப்பார்கள். அவ்வாறு தேய்ப்பதால் பனியின் மேற்பரப்பு இம்மியளவு சூடேறி உராய்வு குறைகிறது, கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாகச் செல்கிறது, வளைவும் குறைகிறது. நாம் மாவு தூவிச் செய்வதை அவர்கள் துடைப்பத்தால் செய்கிறார்கள். கல்லை விடும்போது சற்றே சுழற்றி விட்டால் அது நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளையும். ஏன் அப்படி வளைகிறது என்பதைப் பற்றி இயற்பியல் அறிஞர்களிடையே இன்றளவும் வாதம் ஓயவில்லை. இலக்கு வட்டத்துக்கு அந்த ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'வீடு'.

கல்லின் எடை ஆடவருக்கும் மகளிருக்கும் ஒன்றே என்பதை மாணவர்கள் கருத்தில் இருத்தவேண்டும். குண்டு எறிதலில் ஆடவருக்கு 7.26 கிலோ, மகளிருக்கு 4 கிலோ. கர்லிங்கில் அத்தகைய சலுகை இல்லை, கேரத்திலும் இல்லை. அதே பலகை, அதே காய், அதே குழி. உடல் வலிமையைக் காரணம் காட்டிப் பெண்களை ஒதுக்குவதற்கு இவ்விரண்டு ஆட்டங்களிலும் இடமே கிடையாது. ஆயினும் ஒதுக்கினார்கள்.

ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் மிகப் பழையது. 1511 என்று ஆண்டு பொறித்த கல்லொன்று அங்கே இருக்கிறது. 1838-இல் எடின்பரோ நகரில் கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப் என்னும் கழகம் அமைந்து, ஆட்டத்துக்குப் பொதுவான விதிகள் ஏற்பட்டன. 1842-இல் விக்டோரியா அரசியார் ஸ்காட்லாந்துக்குச் சென்றிருந்தபோது, ஸ்கோன் அரண்மனையில் நடன மண்டபத்தின் மெருகேற்றிய மரத்தரையையே பனித்தளமாகக் கொண்டு அவருக்கு ஆட்டத்தை நடத்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அரச அனுமதி கிடைத்து, கழகத்தின் பெயரில் 'ராயல்' என்னும் அடைமொழி ஏறியது. ஆட்டத்துக்கு அரச மதிப்பைத் தேடித் தந்தவர் ஒரு பெண்மணி. ஆனால், அந்நாட்டுப் பெண்கள் தமக்கென்று கழகங்கள் காண அந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டு வரவேண்டியிருந்தது.

ஆடவரின் உலகப் போட்டி 1959-இல் ஸ்காட்ச் கோப்பை என்னும் பெயரில் ஸ்காட்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையே தொடங்கிற்று. மகளிரின் உலகப் போட்டி தொடங்கிய ஆண்டு 1979. இடைப்பட்ட காலம் இருபது ஆண்டு! அந்த இருபது ஆண்டிலும் கனடாவின் பெண்கள் தம் நாட்டுக்குள் பட்டம் வென்றுகொண்டுதான் இருந்தார்கள்; அதற்கு மேல் ஏறப் படி இல்லை.

முதல் மகளிர் போட்டி ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் நடந்தது. ஆட்டத்தைப் பெற்றெடுத்த நாட்டாரே வெல்வர் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வென்றது சுவிட்சர்லாந்து. அடுத்த ஆண்டு கனடா, 1981-இல் ஸ்வீடன், 1982-இல் டென்மார்க். முதல் நான்கு ஆண்டுகளில் நான்கு நாடுகள் வென்றன என்றால், வெல்லத்தக்க பெண்கள் அங்கங்கே ஏற்கெனவே காத்திருந்தார்கள் என்பதுதானே பொருள்? ஸ்காட்லாந்துப் பெண்கள் முதன்முதலில் இப்பட்டத்தை வென்றது 2002-இல், அமெரிக்காவில். தாய்வீட்டுக்குக் கோப்பை வந்துசேர இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

அன்றுதொட்டு ஆண்டுதோறும் இப்போட்டி நடந்துவருகிறது. பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 1989 முதல் 2004 வரை ஆடவர் போட்டியோடு ஒரே களத்தில் நடத்தினார்கள். 2005 முதல் மீண்டும் தனியே நடத்துகிறார்கள். 2009-இல் கொரியாவின் காங்நங் நகரில் சீனப் பெண்கள் வென்றபோது பட்டம் முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. 2019 தொடங்கி, நடவாத ஆண்டை நீக்கி, நான்கு போட்டிகளைத் தொடர்ந்து சுவிட்சர்லாந்து வென்றது. 2024-இலும் 2025-இலும் கனடா. பெயர்ப்பட்டியல் இத்துடன் போதும். இருவரைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

ஒருவர் கனடாவின் சாண்ட்ரா ஷ்மெர்லர். சஸ்காச்சுவான் மாநிலத்தில் பிகர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். கண்ணுக்கெட்டிய வரை கோதுமை விளையும் சமவெளி அது. நமக்கு நெல் எப்படியோ அவர்களுக்குக் கோதுமை அப்படி. குளிர்காலத்தில் நிலம் பனியால் மூடிக்கொள்ளும்; உழவர்களுக்கு வேலை இராது; அப்போது ஊரார் கூடும் இடம் கர்லிங் கொட்டகை. மழைக்காலத்தில் எங்கள் படிப்பகம் எப்படியோ அப்படி. ஒரு வேற்றுமை உண்டு: அந்தக் கொட்டகையில் பெண்களும் கல் எடுத்தார்கள். ஷ்மெர்லர் தலைமையிலான அணி 1993, 1994, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்றது. 1998-இல் ஜப்பானின் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் கர்லிங் முதன்முறையாகப் பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டபோது முதல் தங்கத்தையும் அந்த அணியே வென்றது. கைக்குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆடிய அப்பெண்மணி 2000-ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 36.

மற்றவர்கள் கொரியாவின் உய்சங் மாவட்டத்துப் பெண்கள். உய்சங் பூண்டு விளைச்சலுக்குப் பேர்போன நாட்டுப்புறம். அங்கே 2006-இல் ஒரு கர்லிங் அரங்கம் கட்டினார்கள். பள்ளி மாணவியர் சிலர் அங்கே பழகத் தொடங்கினார்கள். வேறு பொழுதுபோக்கு ஊரில் இல்லாமற் போனதும் ஒரு காரணம் என்பார்கள். அவர்களிலிருந்து உருவான அணி 2018-இல் பியங்சாங் ஒலிம்பிக்கில் உலகின் முன்னணி அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. அணியில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் கிம். செய்தித்தாள்கள் அவர்களுக்குப் 'பூண்டுப் பெண்கள்' என்று பெயர் சூட்டின. அவர்களுக்கு அப்பெயர் அவ்வளவாக உவக்கவில்லையாம். அதில் நியாயம் உண்டு. தஞ்சையிலிருந்து ஒரு பெண் உலகப் பட்டம் வென்றால் அவளை 'நெல்லுப் பெண்' என்று அழைப்பதை நானும் விரும்பமாட்டேன். 2022-இல் இதே அணி உலகப் போட்டியிலும் வெள்ளி வென்றது.

அரங்கம் கட்டியபின் பன்னிரண்டு ஆண்டில் ஒலிம்பிக் வெள்ளி. மாணவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, இனி நம் கேரத்துக்கு வாருங்கள்.

கேரம் எப்போது, யாரால் உண்டாக்கப்பட்டது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. பாட்டியாலா அரண்மனையொன்றில் கண்ணாடியால் ஆன பழைய கேரம் பலகை இருக்கிறது. அரண்மனையில் கண்ணாடி, படிப்பகத்தில் ஒட்டுப்பலகை, ஆட்டம் ஒன்றுதான். முதல் உலகப் போருக்குப் பின் அது பொதுமக்களிடையே பரவியது. 1958-க்குள் இந்தியாவிலும் இலங்கையிலும் முறையான கூட்டமைப்புகள் ஏற்பட்டுவிட்டன. 1988-இல் பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? லண்டனிலோ ஜெனீவாவிலோ அன்று, சென்னையில்! உலக ஆட்டம் ஒன்றுக்குரிய அமைப்பு தமிழ்நாட்டில் பிறந்தது என்பது நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தக்க செய்தி.

விதிகளை எல்லாரும் அறிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். தெருவில் ஆடும் விதி வேறு, போட்டி விதி வேறு. ஆடும் பரப்பு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஆக 19 காய்கள். சிவப்பை வீழ்த்தியவர் அதனை அடுத்துத் தம் காய் ஒன்றையும் வீழ்த்தியாக வேண்டும். நம் பிள்ளைகள் 'ரெட் அண்ட் ஃபாலோ' என்று சொல்லுவது இதைத்தான். 25 புள்ளியை முதலில் எட்டியவருக்கு, அல்லது 8 பலகை முடிவில் முந்தி நிற்பவருக்கு ஓர் ஆட்டம். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் வெற்றி. பலகைக்கு மேலே விளக்கு தொங்கவேண்டும் என்பதும் விதியில் உண்டு. எங்கள் படிப்பகத்தார் அறியாமலே அந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

முதல் உலகச் சாம்பியன் போட்டி 1991-இல் தில்லியில் நடந்தது. ஆடவர் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 1995-இல் கொழும்பில் நடந்த இரண்டாவது போட்டியிலும் அவரே வென்றார். 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. கர்லிங்கைப்போல் ஆண்டுதோறும் உலகப் பட்டம் நடத்தக் கேரத்துக்கு வசதி இல்லை. 2000-இல் தில்லி, 2004-இல் கொழும்பு, 2008-இல் பிரான்சின் கான் நகரம், 2012-இல் மீண்டும் கொழும்பு, 2016-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் என்று நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவந்திருக்கிறது. உலகக் கோப்பை என்னும் வேறொரு போட்டியும் இடையிடையே உண்டு.

மகளிர் பட்டியலில் இந்தியப் பெண்களின் பெயர்களே ஓங்கி நிற்கின்றன. பீகாரின் ராஷ்மி குமாரி பன்முறை தேசியப் பட்டமும் உலகப் பட்டமும் பெற்றவர். 2012-இல் கொழும்பில் வென்றவர் அவரே. 2016-இல் பர்மிங்காமில் வென்றவர் ஐதராபாத்தின் அபூர்வா. இவர்களுக்கு ஆயுள் காப்பீட்டுக் கழகமும் எண்ணெய் நிறுவனங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தன. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கு அதுவே பெரிய பிடிப்பு. மாதச் சம்பளம் ஒன்று வந்தால்தான் வீட்டார் பெண்ணை வெளியூருக்கு ஆட அனுப்புவார்கள்.

2008-ஆம் ஆண்டில் கான் நகரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். திரைப்பட விழாவுக்குப் புகழ்பெற்ற, செல்வர்கள் உலவும் கடற்கரை நகரம் அது. அங்கே மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் ராஷ்மி குமாரியை வென்று உலகப் பட்டம் பெற்றவர், வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி. தந்தையார் மீன்பாடி வண்டி ஓட்டிப் பிழைத்தவர். அவரும் கேரம் பழகியவர். வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் மன்றங்கள் உண்டு. ஆண்கள் கூடும் இடங்கள்தாம் அவையும். ஆனால், தந்தையோ தமையனோ ஆடுகிறவராயின் அந்தக் கதவு பெண்ணுக்கும் சிறிது திறந்துகொள்கிறது. ஓடுகளமோ, பச்சைப் புல்தரையோ, விலையுயர்ந்த காலணியோ கேட்காத ஆட்டம் அது. நெருக்கமான வீட்டிலும் முக்கால் மீட்டர் சதுரத்துக்கு இடம் பண்ணிவிடலாம்.

அதே வடசென்னையிலிருந்து 2024-இல் காசிமா என்னும் பதினேழு வயதுப் பெண் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்று, ஒற்றையர், இரட்டையர், அணி ஆகிய மூன்றிலும் தங்கம் வென்று திரும்பினார். ஆட்டோ ஓட்டும் தந்தையாரிடம் கேரம் பயின்றவர் அவர். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. அடுத்த ஆண்டு மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனாவும் மூன்று தங்கம் வென்றார். ஒரு நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்டால், உய்சங்கின் கதைதான் விடை. அங்கே அரசு அரங்கம் கட்டிக் கொடுத்தது. இங்கே மக்கள் தாமே தெருமுனையில் கூரை போட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் எங்கள் காவிரிப் படுகையில் பலகை இல்லையா? இருந்தது. மழைக்காலத்தில் வேலையற்ற நாட்கள் இல்லையா? அவையும் இருந்தன, ஆனால், அந்த ஓய்வு ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நாற்றுப் பறித்து நட்டவர்கள் பெண்கள். மழை பெய்தால் அவர்களுக்கு வயல்வேலை நின்றதே தவிர, ஈர விறகை ஊதி உலை வைக்கும் வேலை இரட்டித்தது. ஆட்டம் என்பது கைத்திறன் மட்டுமன்று. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும் அதற்கு வேண்டும்.

இப்போது அந்த 2001-ஆம் ஆண்டு வகுப்புக்குத் திரும்புகிறேன். உராய்வுப் பாடம் முடியும் தறுவாயில், மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஸ்ட்ரைக்கரைத் தள்ளச் சொன்னேன். பையன்கள் தத்தம் வீரத்தைக் காட்டிப் பலகையின் சட்டம் அதிர அடித்தார்கள். பெண்கள் வரிசையில் ஒருத்தி வந்தாள். கேரம் பலகையை அன்றுதான் முதன்முதலில் தொடுகிறேன் என்றாள். குனிந்து, கண்ணைச் சற்றே இடுக்கி, மெல்லத் தட்டினாள். காய் சட்டத்தில் பட்டுத் திரும்பி, எதிர் மூலைக் குழியில் ஓசையின்றி இறங்கியது. தற்செயல் என்று பையன்கள் சிரித்தார்கள். மறுபடியும் அடிக்கச் சொன்னேன், மறுபடியும் இறங்கியது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்னும் ஒளியியல் பாடத்தை அவள் கையால் நடத்திக் காட்டியதாக நான் வகுப்பில் புகழ்ந்தேன். புகழ்ச்சியோடு நின்றுவிட்டேன்.

அடுத்த வாரம் பதினொரு மாணவியர் கையொப்பமிட்ட ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. பகல் உணவு இடைவேளையில் ஆடுவதற்குத் தங்களுக்கும் ஒரு கேரம் பலகை வேண்டும் என்பதே அது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நான் அவளை அழைத்து, "ஆட்டம் எங்கே அம்மா ஓடிப்போகிறது? முதலில் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் வாங்கு. அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றேன். "சரி சார்" என்று போய்விட்டாள். பையன்களிடம் நான் மதிப்பெண் கேட்டுவிட்டுப் பலகை கொடுக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பலகையின் விலை அன்று பள்ளிக்கூடத்துக்குப் பெரிய தொகையுமன்று. அடுத்த ஆண்டு வந்தது, எனக்கு மறந்துவிட்டது. அவர்கள் மறுமுறை கேட்கவில்லை.

2008-இல் இளவழகி வென்ற செய்தி நாளிதழில் வந்தது. அதை நானே கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் படித்துக் காட்டினேன். பெண்களால் ஆகாதது எது என்று முழங்கினேன் என்றே நினைக்கிறேன். சில நாள் கழித்து, தம்பியின் மாற்றுச் சான்றிதழுக்காக ஒரு பெண் இடுப்பில் குழந்தையுடன் வந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சான்றிதழில் நான் கையெழுத்திடும் வரை வெளியே நின்று அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தவள், உள்ளே வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு, "இதைத்தானே சார் நாங்களும் அன்றைக்குக் கேட்டோம்" என்றாள். குரலில் குறை ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குழந்தை பெண்குழந்தை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று அவள் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமையே தஞ்சாவூர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பலகையும் காய்களும் ஒரு பொட்டலம் மாவும் வாங்கிப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நடத்துநர் அதற்கும் ஒரு பயணச்சீட்டுக் கிழித்தார். பெண்கள் பக்கத்துக் கடைசி வகுப்பறையில் ஒரு மேசையின்மேல் அதை வைத்து, பல்பும் தொங்கவிடச் செய்தேன். அவ்வாண்டு ஐப்பசியில் மழை வழக்கம்போல் வலுத்தது, மின்சாரம் போயிற்று. பிள்ளைகள் மேசையைச் சன்னலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பாவாடை நுனியால் பலகையைத் துடைத்துத் துடைத்து ஆடினார்கள். காய் பாதி வழியில் நிற்கும்போதெல்லாம் கூச்சல் எழுந்தது. புள்ளிக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். நான் சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகையின் அருகே நின்றேன்.